ஒழுங்காக வராதவர்கள்

“இவங்கள்லாம் ஒழுங்கா வர மாட்டாங்க.”

இந்த வாக்கியத்துக்கு என்ன வயசு என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்கள். நம் அப்பன் ஆத்தா கூலிக்கு நின்ற திண்ணைகளில் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்கள். நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கியில் தாட்கோ கடன் மனுக்களைக் கட்டி அலமாரிக்கு மேல் போடும்போது சொல்கிறார்கள். மருத்துவமனையில் மட்டும் வாயால் சொல்வதில்லை, நோட்டில் எழுதிவிடுகிறார்கள். என் அக்கா மகளின் நோட்டில் அய்ந்து இடத்தில் ‘இர்ரெகுலர்’ என்று இருக்கிறது. ஓரிடத்தில் ‘டிஃபால்ட்டர்’.

டிஃபால்ட்டர் என்ற சொல் என் தொழில் சொல். தவணை தள்ளி 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன். சர்க்கரை நோயுள்ள குழந்தையையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதற்காக. அங்கும் 90 நாள், இங்கும் 90 நாள். ஒரு வித்தியாசம் உண்டு. கோடிகளில் கடன் வாங்கித் திருப்பாத முதலாளி எங்கள் புத்தகத்தில் வாராக்கடனாக ஏறினால் அவனோடு பேச மேலாளர் கார் எடுத்துக்கொண்டு போவார். சேரிக் குழந்தை வாராதவளாக ஏறினால் பேச யாரும் வரமாட்டார்கள்.

பிள்ளைக்கு வயசு ஒன்பது. நான்காம் வகுப்பு. முதல் வகை நீரிழிவு. அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தின்று தீர்த்துவிட்டது. ‘வளர்சிதை மாற்றக் கோளாறு’ என்று எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் இன்னும் “சின்ன வயசுல மிட்டாய் துன்னு வந்துது” என்கிறார்கள். மிட்டாய் தின்று வரும் நோயல்ல இது. எந்த ஆத்தாளும் கொடுத்து வருவதல்ல, எந்த ஆத்தாளும் தடுத்திருக்க முடிவதுமல்ல. சிப்காட் புகைதான் காரணம் என்று எழுதச் சொல்லித் தோழர் ஒருவர் கேட்டார். எழுத மாட்டேன். அந்தப் புகைமேல் வைக்க வேறு வழக்குகள் நிறைய இருக்கின்றன. நிரூபிக்காத ஒன்றை வைத்தால் நிரூபிக்க முடிந்ததும் சேர்ந்து தள்ளுபடி ஆகிவிடும்.

இன்சுலின் இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகள் உயிரோடு இருக்க முடியாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக ஊசி போடுகிற வரை, உலகம் பூராவும் இந்த நோயுள்ள பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதம் இழுத்துப் பிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் 1923ல் அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றுவிட்டார்கள். இது எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று. நூறு வருசம் ஆகிவிட்டது. டொரண்டோவிலிருந்து சென்னை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இருக்கிற அய்ம்பது கிலோமீட்டரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மருந்து இலவசம். இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகும். எங்களுக்கு அரசு மருத்துவமனையில் இன்சுலின் காசில்லாமல் கிடைக்கிறது. டாக்டர்களில் சிலர் நல்லவர்கள், ஒருவர் மிக நல்லவர். ரயில் டிக்கெட்டும் பெரிய செலவில்லை. பின்னே என்ன செலவு? நாள்.

‘ஒரு விசிட்’ என்று அவர்கள் சொல்வது ஒரு நாள் அல்ல. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஒரு நாள். ரிப்போர்ட் வாங்கிக் காட்ட இன்னொரு நாள். வருசத்துக்கு ஒருமுறை கண்ணின் விழித்திரை பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும், தைராய்டு பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடம், ஒவ்வொரு கிழமை. விடிகாலை யூனிட்டில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று சென்ட்ரல் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றால் ஒரு மணிக்குக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் பிள்ளையை அழைத்துப் போக வேண்டும் என்பதையும், இன்சுலின் போடும் பிள்ளை வெகுநேரம் வெறும் வயிற்றில் இருந்தால் மயங்கும் என்பதையும் ஒரே வாயால்தான் சொல்கிறார்கள். அக்கா முந்தானையில் வெல்லத்தை முடிந்துகொண்டு போகிறாள்.

மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே என்பார்கள். வந்துவிட்டது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். 1997ல் செங்கல்பட்டைப் பிரித்து எங்களைத் திருவள்ளூரோடு சேர்த்த அதிகாரி ஒருமுறையாவது ரயில் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பாதை வடக்கே போகிறது, திருவள்ளூர்ப் பாதை மேற்கே போகிறது. எங்கள் மாவட்டத் தலைநகருக்கு நாங்கள் ரயிலில் போக வேண்டுமென்றால் முதலில் சென்னைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும், சர்க்கரை ஏறி இறங்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு.

இப்போது நாளின் விலை. அக்கா சிப்காட்டுக்குள் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். கம்பெனி ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள். மாமா வேறொரு கம்பெனியில் ஃபர்னஸ் பக்கம், அவரும் காண்ட்ராக்ட். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போகும். அதோடு போனால் பரவாயில்லை. மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்களுக்கு என்று ஒரு ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’ வைத்திருக்கிறார்கள், அதுவும் போகும். ஒரே மாதத்தில் மூன்று நாள் போனால் சூப்பர்வைசர் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு “நாளைக்கு ஆள் தேவைப்பட்டா கூப்புடறோம்மா” என்பான். வெளியே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் நிற்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களின் பிள்ளைகள் இதைவிடத் தொலைவில் இருக்கிறார்கள்.

ஆக, மூன்று மாதத்துக்கு மூன்று நாள் என்றால் அக்காவுக்கு அது மூன்று நாள் கூலி மட்டுமல்ல, வேலையையே பணயம் வைப்பது. அவள் ரத்தம் கொடுக்கப் போவாள்; ரிப்போர்ட் வாங்க அடுத்த மாதம்தான் போவாள். நோட்டில் ‘இர்ரெகுலர்’. நான் சொல்வது இதுதான், தோழர்களே: அந்தச் சொல்லை எழுதியது டாக்டரின் பேனாதான். ஆனால் எழுதவைத்தவன் கான்ட்ராக்டர்.

நான் வங்கிக்காரன். எனக்குத் தற்செயல் விடுப்பு உண்டு, சம்பளத்தோடு. போன வருசம் இரண்டு முறை நானே பிள்ளையை அழைத்துப்போனேன். திரும்பி வந்த அன்று ராத்திரி அக்கா கேட்டாள்:

“நீ இட்டுகினு போனா அதுக்குப் பேரு லீவு. நான் இட்டுகினு போனா ஆப்சென்ட். புள்ள ஒண்ணுதானேடா?”

பதில் இருக்கிறது, ஆனால் அது அக்காவுக்குச் சொல்லவேண்டிய பதில் அல்ல. மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008லிருந்து குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். பிள்ளைக்குப் பரீட்சை, பிள்ளைக்கு நோய், எதற்கும் எடுக்கலாம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போராடி வாங்கியது, இருக்கட்டும். அதே நாட்டில், அதே நோயுள்ள பிள்ளையைப் பெற்ற ஒப்பந்தத் தொழிலாளிக்கு எத்தனை நாள்? ஒரு நாளும் கிடையாது. 730க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஆராய்ச்சி மாணவர்கள் தேட வேண்டாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பதுதான்.

‘ஈ.எஸ்.அய். இருக்கே?’ என்பார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் நமக்கு ஒரு பாத்தியதை இருக்கிறது. தொழிலாளிகளுக்கான நோய்க் காப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அடார்க்கரை நியமித்தது 1943ல். அவர் அறிக்கை தந்தது 1944ல். அப்போது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். அந்த அறிக்கையின் வழியில்தான் 1948ல் ஈ.எஸ்.அய். சட்டம் வந்தது. ஆகவே அதை நான் குறைசொல்வது அந்நியன் குறைசொல்வது போல அல்ல. அந்தத் திட்டத்தில் தொழிலாளிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை உண்டு. தொழிலாளியின் பிள்ளைக்கு மருத்துவம் உண்டு. ஆனால் பிள்ளையை அந்த மருத்துவத்துக்கு அழைத்துப்போகிற நாளுக்கு ஒரு காசு கிடையாது. ஒன்பது வயசுப் பிள்ளை தானாக ரயில் ஏறி வந்து ஓ.பி.யில் நிற்கும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அல்லது வீட்டில் கூலிக்குப் போகாத ஒரு அம்மா இருப்பாள் என்று நினைத்தார்கள். சேரியில் எந்தக் காலத்தில் கூலிக்குப் போகாத அம்மா இருந்தாள்?

அதுவும் ஈ.எஸ்.அய். ஒழுங்காக இருந்தால். மாமாவின் கூலியில் முக்கால் சதவீதம் மாதாமாதம் பிடிக்கிறார்கள். கான்ட்ராக்டர் பெயர் மாறும்போதெல்லாம் இவர் புது ஆளாகிவிடுகிறார், ஆனால் நிற்கிற இடம் அதே ஃபர்னஸ்தான். நடுவில் ஒரு முறை அட்டையை எடுத்துக்கொண்டு போனபோது ‘இந்த நம்பர்ல பணம் கட்டல’ என்று திருப்பி அனுப்பினார்கள். 1970ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே ‘ஒழிப்பு’ என்ற சொல் இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துபோனது. ஒப்பந்தம் கரையவில்லை.

இனி பத்தியம். மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளில் ஓட்ஸ் இருந்தது, ஆப்பிள் இருந்தது, பாதாம் பருப்பு இருந்தது, கொழுப்பு நீக்கிய பால் இருந்தது. ரேஷன் அரிசி அதில் இல்லை. மாட்டுக்கறி இல்லை, குடல் இல்லை, பழவேற்காட்டிலிருந்து வருகிற பொடிமீன் இல்லை. மாட்டுக்கறி கொடுக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள். சர்க்கரை நோயுள்ள குழந்தைக்குப் புரதம் வேண்டும் என்று அவளே சொன்னாள். எங்கள் வீட்டில் கட்டுப்படியாகும் புரதம் அதுதான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல, தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். விஞ்ஞானம் போட்டிருந்த கோட்டுக்கு அடியில் பூணூல் தெரிந்த இடம் அது. சரியான பதில் அத்தனை கடினமில்லை: அரிசிச் சோறு எத்தனை கரண்டி, அதோடு கீரை எவ்வளவு, கறி எவ்வளவு, எத்தனை மணிக்கு. இதை அளந்து சொன்னது அதே மருத்துவமனையில் ஒரு நர்ஸ். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், தன் டிபன் பாக்ஸ் மூடியை வைத்து அளந்து காட்டினாள். எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று நான் கேட்கவில்லை.

‘படிக்காத ஜனம், சொன்னா புரியாது’ என்று ஒரு வாதம் உண்டு. அக்கா எட்டாவது. இன்சுலின் பாட்டில் 40 யூனிட் அளவு என்றால் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட் அளவு என்றால் ஆரஞ்சு மூடி ஊசி. மாற்றிப் போட்டால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை கடைக்காரன் ஆரஞ்சு மூடியை எடுத்துக் கொடுத்தபோது ‘இது வேணாம்’ என்று திருப்பித் தள்ளியவள் அவள்தான்; கடைக்காரன் பி.பார்ம். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அவள் வீட்டில் இல்லை. பிரிக்காத பாட்டில் எங்கள் வீட்டில் இருக்கும். பிரித்ததை மண்பானைக்குள் மண்பானை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு வைத்திருக்கிறாள். மணல் காயாமல் பார்த்துக்கொள்வது பிள்ளையின் வேலை. சித்திரை வெயிலில் ஃபர்னஸ்களுக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டுக்குள் ஒரு மருந்தைக் கெடாமல் காப்பாற்றுகிறவளைப் பார்த்து ‘ஒழுங்கு இல்லை’ என்று எழுத எப்படிக் கை வருகிறது?

பள்ளிக்கூடம் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் எங்கள் பிள்ளைக்குப் போடுகிற இன்சுலின், போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டிய ரகம். அக்காவுக்கு ஏ ஷிப்ட் காலை ஆறு மணி. அய்ந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். சோறு பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்கு மேல். நடுவில் ஊசியை யார் போடுவது? பிள்ளை தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு ஊசி கொண்டுவரக் கூடாது என்றார்கள். “ஒட்டிக்கிற வியாதியா?” என்று ஒரு டீச்சர் கேட்டாள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும். உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்க வேண்டும். வகுப்பில் டப்பாவைத் திறந்ததற்கு எழுந்து நிற்க வைத்தார்கள். சி.பி.எஸ்.இ. 2017லேயே நீரிழிவுப் பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை வில்லையும் பழமும் எடுத்துப்போகலாம் என்று சுற்றறிக்கை விட்டது. நம் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ.யில் படிப்பவர்கள் அல்ல. எழுந்து நிற்பது மட்டும் நமக்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

நம் ஆட்களையும் சொல்லாமல் விட முடியாது. “பொட்டப் புள்ள, வெளிய சொல்லாத, நாளைக்கு எவன் கட்டுவான்” என்று பெரியம்மா. சிறியாநங்கையும் வேப்பங்கொழுந்தும் கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்று ஒரு வைத்தியர். தைலம் தடவி ஜெபித்துவிட்டு ‘விசுவாசத்தோட ஊசிய விட்டுடு சகோதரி’ என்று ஒரு போதகர். இவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் நிறுத்தினால் போதும். ரத்தத்தில் அமிலம் ஏறி, மூச்சு வாங்கி, வாயில் பழம் அழுகிய வாசனை அடிக்கும், பிள்ளை போய்விடும். நாட்டு மருத்துவம் நம் மக்களின் அறிவு என்று நாமே கட்டுரை எழுதுகிறோம், எழுதலாம். முதல் வகை நீரிழிவுப் பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்கிறவன் எந்த சாதியில் பிறந்திருந்தாலும் அவனைத் தெருவுக்குள் விடக் கூடாது.

பெரியம்மாவுக்கு நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். நம் தெரு முனையில் நீலக் கோட்டோடு நிற்கிறாரே, அவருக்கும் நீரிழிவு இருந்தது. கால் நரம்பு வலியில் தூங்க முடியாமல் கிடந்திருக்கிறார், இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கிறார். 1948 ஏப்ரல் 15ல் அவர் மணந்த சாரதா கபீர் ஒரு டாக்டர். பிறகு சவிதா அம்பேத்கர். அந்த உடம்போடுதான் அரசியல் சட்டத்தை முடித்தார். அந்த உடம்போடுதான் 1956 அக்டோபரில் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பவுத்தம் தழுவினார். ஊசியை மறைக்க வேண்டியதில்லை. அவர் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். நம் பிள்ளைக்குப் பக்கத்தில் ஏன் இல்லை என்பதுதான் கேட்க வேண்டியது.

கடைசியாக, இயக்கத்துக்குள்ளிருந்து வரும் கேள்வி. ‘விடுதலைப் பத்திரிகையில் சர்க்கரை வியாதியா? இது நலத்திட்டக் கோரிக்கை தோழர், அரசியல் அல்ல.’ கும்மிடிப்பூண்டி என்றதும் நமக்கு ஆத்துப்பாக்கம் நினைவு வருகிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடாமல் தடுத்தார்கள். செய்தி வெடித்தது, நாம் கொதித்தோம், அய்ந்து நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். சரியான போராட்டம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. கொடிக்கம்பத்தில் நடந்ததால் நம் கண்ணுக்குத் தெரிந்தது. கேட் பாஸில் நடப்பது தெரிவதில்லை. இந்தத் தாலுகாக்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காலத்தில்தான் டிரமென்ஹீர் அறிக்கை எழுதினார், 1892ல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. அந்த நிலத்தை மீட்க வேண்டும் என்று நாம் முப்பது வருசமாக எழுதுகிறோம். நிலம் இல்லாமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சிப்காட் கேட்டில் காண்ட்ராக்ட் ஆளாக நிற்கிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் யாருடையது என்பது நிலக் கேள்வியின் மிச்சம். அதை நலத்திட்டம் என்று யாரிடமும் தள்ளிவிட முடியாது.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சர்க்கரை மாத்திரை எங்கள் தெருவில் கிழவிகளின் வாசலுக்கே வந்தது. மாத்திரைக்கு நடக்கிற கால் இன்சுலினுக்கு நடக்காதா? பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே மாதத்தில் ஒரு நாள், மாலை மூன்று மணிக்கு மேல், சென்னையிலிருந்து குழந்தைகள் சர்க்கரை டாக்டர் வந்து உட்கார வேண்டும். ரத்தம் அங்கேயே எடுத்து ரிப்போர்ட் அங்கேயே வர வேண்டும். இன்சுலினோடு ஊசியும், சர்க்கரை பார்க்கிற பட்டையும் சேர்த்துத் தர வேண்டும். பட்டை இல்லாமல் இன்சுலின் மட்டும் தருவது கண்ணைக் கட்டிவிட்டுச் சைக்கிள் தருவது. பிள்ளையின் மருத்துவ நாள் ஈ.எஸ்.அய்.யில் கூலியுள்ள நாளாக வேண்டும், அது காண்ட்ராக்ட் ஆளுக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியருக்காவது ஊசியும் சர்க்கரைத் தண்ணியும் தெரிந்திருக்க வேண்டும். இதில் எதற்கும் புதுக் கட்டடம் வேண்டாம், அடிக்கல் வேண்டாம், அமைச்சர் வேண்டாம்.

மனுவை நான் எழுதித் தருகிறேன், அது என் தொழில். மாணவத் தோழர்கள் சிப்காட் பக்கத்துக் காலனிகளில், புதுகும்மிடிப்பூண்டி, பாப்பன்குப்பம் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய், ஊசி போடுகிற பிள்ளைகள் எத்தனை என்று எண்ண வேண்டும். ஈழத் தமிழர் முகாமை விட்டுவிடாதீர்கள். வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். பெயரை வெளியே சொல்லாதீர்கள், பெரியம்மாக்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். எண்ணி முடித்த பிறகு கூட்டம் போடலாம். அதை வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். ஞாயிறும் ஏ ஷிப்ட் ஓடுகிறது. இரண்டு மணிக்கு விடுகிறார்கள், வீட்டுக்கு வந்து சோறு வடிக்க நாலாகும். அய்ந்து மணிக்கு வையுங்கள்.